தனிவழி சென்ற கொப்பி

எங்கள் ஊரில் ஒரு சிறுவனுக்குத் துவிச்சக்கர வண்டி வாங்கிக் கொடுப்பதென்றால் அவனுடைய அளவை எவரும் பார்ப்பதில்லை. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவன் எவ்வளவு வளர்ந்திருப்பானோ அந்த அளவுக்கே வாங்குவார்கள். எனக்கும் அப்படித்தான் வாய்த்தது. ஆசனத்தில் ஏறி அமர்ந்தால் கால் மிதியை எட்டாது. பாருக்குக் கீழாற் காலை நுழைத்து, உடம்பை ஒருபுறம் வளைத்து, நண்டு நடப்பதுபோல ஓடித்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். வண்டி என் உடம்புக்குப் பொருந்தும் காலம் வந்தபோது வண்டி பழசாகிவிட்டது. அதை ஒரு குறையாக நான் அப்போது எண்ணியதில்லை. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், இத்தாலி நாட்டு ஓட்டவீரர் பௌஸ்தோ கொப்பியின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அவருடைய இளமையில் நிகழ்ந்த ஒரு சிறிய ஏமாற்றம் என்னை அந்தப் பழைய வண்டியிடம் இழுத்துச் சென்றது. அதன்பின் அவரை விட முடியவில்லை.

கொப்பி என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் மாணவர் சிரிக்கக்கூடும். நமக்கு அது எழுதும் புத்தகத்தின் பெயர். பெயருக்குரியவரோ எழுத்தையும் புத்தகத்தையும் விட்டு ஓடியவர். வடமேற்கு இத்தாலியில், பியெமொந்தே மாகாணத்துக் குன்றுகளின் மேலே, கஸ்தெல்லானியா என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் 1919 செப்டெம்பர் 15இல் அவர் பிறந்தார். பிள்ளைகள் ஐவர். கடைக்குட்டி சேர்சே. பௌஸ்தோ மெலிந்த, நோய்வாய்ப்பட்ட பிள்ளை. கால்கள் நீண்டவை, மார்பு புறாவின் மார்புபோல முன்தள்ளியது, எலும்புகள் உறுதியற்றவை. நிலவறையிற் கிடந்த துருப்பிடித்த வண்டி ஒன்றை, பிரேக்குக் கட்டைகள்கூட இல்லாததை, எட்டு வயதில் அவன் கண்டெடுத்தான். ஒருநாள் பள்ளிக்குப் போகாமல் அதிலேயே பொழுதைக் கழித்தான். மறுநாள் ஆசிரியர், இருக்கவேண்டிய இடம் பள்ளிக்கூடமேயன்றி வண்டி அன்று என்னும் பொருள்பட அவனைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தாராம். நானும் இத்தகைய தண்டனைகளை விதித்தவன்தான். எத்தனை பேருடைய எதிர்காலத்தை எழுதி அழிக்கச் சொன்னேனோ என்று இப்போது சிறிது கூச்சமாக இருக்கிறது.

பதின்மூன்று வயதில் அவன் பள்ளியை விட்டான். நோவி லிகுரே என்ற பட்டணத்தில் ஓர் இறைச்சிக்கடையில் வேலை. வீடுகளுக்கு இறைச்சி கொண்டுபோய்க் கொடுப்பதும், ஊருக்கும் கடைக்குமாக நாள்தோறும் மலைச்சரிவில் ஏறி இறங்குவதுமே அவனுடைய முதற் பயிற்சி. இப்படி ஒருவன் வீரனாவான் என்று எவரும் திட்டமிடவில்லை. கடைக்கு வந்துபோன ஓட்டக்காரரின் பேச்சு அவனுக்குள் ஓர் ஆசையை விதைத்தது. கப்பலில் வேலை பார்த்த சிறிய தகப்பனார், அவருக்கும் பெயர் பௌஸ்தோதான், பையனுடைய ஆவலைக் கண்டு 600 லீரா கொடுத்தார். அந்தத் தொகைக்கு உடலளவெடுத்துச் சட்டகம் செய்து தருவதாக ஜெனோவா நகரத்துத் தொழிலாளி ஒருவர் பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தார். சிறுவன் புகையிரதம் ஏறிப் போனான். கால், கை, உடம்பு எல்லாவற்றின் அளவையும் கொடுத்தான். பணத்தையும் முழுவதாகக் கொடுத்தான். ஒரு கிழமையில் வரச்சொன்னார். போனான், ஆயத்தமில்லை. மீண்டும் போனான். கிழமைகள் கழிந்தன. ஈற்றில் அவன் கையிற் கிடைத்தது, எவருக்கோ செய்து கடையில் தொங்கிய ஒரு சட்டகம். அவனுடைய அளவு அதில் எங்குமே இல்லை. எதிர்த்துப் பேசும் துணிவு அவனுக்கு இல்லை. பேசாமல் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

இதிலே என்ன பெரிய இழப்பு என்று கேட்கலாம். ஓட்டுபவரின் உடம்பு வண்டியை மூன்று இடங்களில் மட்டுமே தொடுகிறது: கை பிடியில், இருக்கை ஆசனத்தில், பாதம் மிதியில். இந்த மூன்றுக்கும் இடையேயுள்ள தூரமே எல்லாம். ஆசனம் தாழ்ந்தால் முழங்கால் மடிந்து தொடையின் வலிமை வீணாகும். உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். சட்டகம் நீண்டால் முதுகும் தோளும் முறியும். சந்தைக்குப் போய்வருபவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடுபவருக்கோ ஒரு விரற்கடை பிசகினாலும் மாலையில் அது நோவாக வந்து நிற்கும். ஆதலால் தெருவிலோடும் வண்டியைத் தெரிவுசெய்கிறவர் முதலிற் பார்க்கவேண்டியது வண்டியின் பெயரையோ பூச்சையோ அன்று, சட்டகத்தின் அளவையே. தொழிலாளி ஏமாற்றியது அந்தச் சிறுவனுக்கு இந்தப் பாடத்தைக் கசப்பாகப் புகட்டிற்று. அவ்வண்டியிலே ஓடித்தான், கழகம் எதிலும் சேராத சிறுவர்க்கான ஒரு பந்தயத்தில் பதினைந்து வயதில் வென்றான் என்பர். பரிசு 20 லீராவும் இறைச்சி வைத்த பாணும்.

நோவி லிகுரேயில் பியாஜோ கவன்னா என்று ஒருவர் இருந்தார். முன்னாளிற் குத்துச்சண்டைக்காரர், பின்னர் ஓட்டக்காரருக்கு உடல் பிடித்துவிடும் தொழிலை மேற்கொண்டவர், இடைவயதிற் கண்ணொளியை இழந்தவர். அவருடைய விரல்களே அவருக்குக் கண்களாயின. இளைஞன் ஒருவனைப் பலகையிற் கிடத்தித் தொடையையும் முதுகையும் நெஞ்சையும் தடவிப் பார்த்து, நாடியை எண்ணி, அவன் எவ்வளவு தூரம் போவான் என்று கணிப்பார். மெலிந்த இறைச்சிக்கடைப் பையனுடைய நெஞ்சின் விரிவையும் நாடியின் மெதுவான துடிப்பையும் அவ்விரல்கள் கண்டன. கண்ணுள்ளவர் எவரும் அந்த உடம்பைப் பார்த்து வீரனென்று சொல்லியிருக்கமாட்டார்கள். நிலத்தில் நடக்கும்போது கொப்பி அழகற்றவராய், கூன்விழுந்தவர்போல இருப்பாராம். வண்டியில் ஏறியவுடன் உறுப்புகள் யாவும் தத்தம் இடத்தைக் கண்டுகொள்ளுமாம். அவரை நேரிற் கண்ட பலரும் இதைக் குறிப்பிட்டிருக்கின்றனர்.

கவன்னா இளைஞரைப் பயிற்றுவித்த முறை கடுமையானது. விடியலில் எழுந்து ஓடவேண்டும், நேரத்துக்கு உறங்கவேண்டும், மனம்போல் உண்ணலாகாது. அக்காலத்து ஓட்டக்காரர் பந்தயத்துக்கு முன் பெரிய இறைச்சித் துண்டங்களை உண்டாற்றான் வலிமை வருமென்று நம்பினர். கொப்பி அதை மாற்றினார். எளிதிற் செமிக்கும் மாப்பண்டங்களையும் மரக்கறிகளையும் பழங்களையும் அளவாக உண்ணப் பழகினார். வண்டி, உணவு, உறக்கம், பயிற்சி, உடன் ஓடுவோர் எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கிற் கொண்டுவந்தவர் அவரே என்று பின்வந்தோர் சொல்வது மிகையன்று. ஒரு கறையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். உடலைத் தூண்டும் மருந்துகளை அக்காலத்து ஓட்டக்காரர் பலர் பாவித்தனர். தாமும் பாவித்ததாகக் கொப்பியே வெளிப்படையாகக் கூறியுள்ளார். அன்று அதைத் தடுக்கும் விதி ஓட்டப் பந்தயத்தில் இருக்கவில்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரென்று ஊகிப்பது வீண்வேலை.

கவன்னாவின் தூண்டுதலால் 1939இல் தொழில்முறைப் பந்தயங்களில் ஓடத்தொடங்கினார். 1940இல் லெஞ்ஞானோ அணியிற் சேர்ந்தார். அந்த அணியின் தலைவர் ஜீனோ பார்த்தாலி. இத்தாலி முழுவதும் போற்றிய வீரர். கொப்பியின் வேலை அவருக்கு உதவுவது. இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவை. சமதரையில் விரைந்து ஓடும்போது ஓட்டக்காரருடைய வலிமையின் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதிலேயே செலவாகிறது. ஒருவருக்குப் பின்னால் நெருங்கி ஓடினால் அந்தச் செலவு பெரிதும் குறையும். எனவே ஒவ்வோர் அணியிலும் சிலர் தம் வெற்றியைக் கருதாது தலைவருக்கு முன்னால் ஓடிக் காற்றைத் தாங்குவர். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பர். அவருடைய சில்லு பழுதானால் தம் சில்லைக் கழற்றிக் கொடுப்பர். இத்தாலியர் இவர்களைக் கிரகாரி என்பர். கொப்பி அப்படித்தான் தொடங்கினார்.

அவ்வாண்டு நடந்த இத்தாலியச் சுற்றுப் போட்டியின் தொடக்கத்திலேயே, குறுக்கே வந்த நாயொன்றால் பார்த்தாலி விழுந்து காயமுற்றார். புளோரன்சிலிருந்து மொடேனாவுக்கு ஓடும் நாளில், மழையும் குளிருமாக இருந்த அபெத்தோனே மலைவழியில், இருபது வயது உதவியாளர் எல்லாரையும் பின்னே விட்டுப் போனார். தலைவருக்கு அது கசந்திருக்கவேண்டும். ஆயினும் பின்னர் தொலமித்தி மலைகளில் இளைஞர் வயிற்று நோவால் வண்டியை விட்டு இறங்கியபோது, அவரை ஏசி, உறுத்தி, மீண்டும் ஏற்றி ஓடவைத்தவர் பார்த்தாலியே. கொப்பி முதல் வெற்றியைப் பெற்றார். போட்டி முடிந்தது யூன் 9ஆந் திகதி. மறுநாள் முசோலினி போர்ப்பிரகடனம் செய்தார்.

போர்க்காலத்து நிகழ்ச்சிகளுள் ஒன்று என்னை மிகவும் ஈர்ப்பது. 1942 நவம்பர் 7ஆந் திகதி மிலான் நகரத்து விகொரெல்லி ஓட்டரங்கில், ஒரு மணித்தியாலத்தில் ஒருவர் ஓடக்கூடிய மிகக் கூடிய தூரம் என்ற சாதனையைக் கொப்பி முயன்றார். சில கிழமைகளுக்கு முன்தான் அந்நகரில் ஆங்கிலேயரின் குண்டுகள் விழுந்திருந்தன. மரப்பலகையாலான வட்டப் பாதை. பிரேக் இல்லாத வண்டி. பின்சக்கரத்தோடு இறுகப் பிணைந்த பற்சக்கரம். முன்னே 52 பல், பின்னே 15 பல். மிதி ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 7.40 மீற்றர் போகும். அவர் ஓடிய தூரம் 45.798 கிலோமீற்றர். மாணவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: நிமிடத்துக்கு 103 சுற்றுக்கு மேல், ஓய்வின்றி, அறுபது நிமிடம். பிரெஞ்சுக்காரரான ஆர்ஷம்போவின் பழைய அளவை அவர் தாண்டியது வெறும் 31 மீற்றரால். அச்சாதனையை 1956இல் ஜாக் அங்கெத்தீல் முறியடிக்கும்வரை எவராலும் அசைக்க முடியவில்லை.

1943இல் படைவீரராகத் துனீசியாவுக்கு அனுப்பப்பட்டார்; சில கிழமைகளிலேயே ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். முகாமில் மற்றக் கைதிகளோடு உழைத்தார். அங்கு தம் தலைமயிரை வெட்டுபவர் கொப்பியே என்று கண்டு ஓர் ஆங்கில ஓட்டக்காரர் திகைத்தாராம். 1945இல் நேப்பிள்சுப் பக்கம் கொண்டுவரப்பட்டு, அவரைப்பற்றி ஒருபோதும் கேள்விப்பட்டிராத ஆங்கில விமானப்படை அதிகாரி ஒருவரிடம் ஏவலாளாக இருந்தார். கொப்பியிடம் வண்டி இல்லையென்று பத்திரிகை ஒன்று எழுத, தச்சர் ஒருவர் தம்மிடமிருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார். சிறிய தகப்பனாரின் 600 லீராவுக்குப் பிறகு, இது இரண்டாவது கொடை. அப்பக்கத்திற் சில பந்தயங்களில் ஓடியபின், இடிந்த பாலங்களையும் எரிந்த ஊர்களையும் கடந்து, பெரும்பாலும் வண்டியிலேயே வடக்கே வீடு திரும்பினார்.

1946 மார்ச் 19இல், போருக்குப் பின் நடந்த மிலான்–சான்ரேமோ ஓட்டம். கொப்பி இப்போது பியாங்கி அணியில். தொடங்கிய சிறிது நேரத்திலேயே முன்னே பாய்ந்த ஒரு சிறு கூட்டத்தோடு போனார். துர்க்கீனோ மலைக்கணவாயில் எஞ்சியவரையும் விட்டார். அங்கிருந்து கடற்கரை வழியே 140 கிலோமீற்றருக்கு மேல் தனியே ஓடி, இரண்டாமவருக்கு 14 நிமிடம் முன்னராகச் சேர்ந்தார். சுரங்கத்தின் இருளிலிருந்து அவர் வெளிச்சத்துக்கு வந்த காட்சியில், போரின் இருளிலிருந்து தாங்களே வெளிவந்ததுபோல இத்தாலியர் கண்டனர் என்று எழுதுவார்கள். எனக்கு இத்தகைய உவமைகளில் அதிக நம்பிக்கை இல்லை. ஆயினும் தோற்று, பசித்து, வெட்கி நின்ற ஒரு நாட்டுக்கு அன்று வேறு மகிழ்ச்சி என்ன இருந்திருக்கும்?

1949ஆம் ஆண்டே அவருடைய உச்சம். இத்தாலியச் சுற்றுப் போட்டியில் யூன் 10ஆந் திகதி, கூனெயோவிலிருந்து பினெரோலோ வரை 254 கிலோமீற்றர். வழியில் ஐந்து மலைக்கணவாய்கள். முதற் கணவாயிலேயே பிரிந்து 192 கிலோமீற்றர் தனியே ஓடினார். பின்வந்த பார்த்தாலி ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் பிந்தினார். வானொலியில் மாரியோ பெரெத்தி, முன்னணியில் ஒரே ஒருவர் செல்வதையும், அவருடைய மேற்சட்டையின் நிறத்தையும், ஈற்றில் அவர் பெயரையும் அறிவித்துத் தம் வருணனையைத் தொடங்கினார். அந்த வாக்கியம் இன்றும் இத்தாலியர் பலருக்கு மனப்பாடம். தனியொருவர் என்ற அந்தப் படிமமே கொப்பியின் பெயரோடு நிலைத்துவிட்டது. நான் மறுப்பது இந்த இடத்தில்தான். அவர் தனியே ஓடினார், மெய்தான். தனியராய் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

அடுத்த மாதமே நடந்த பிரெஞ்சுச் சுற்றுப் போட்டியைப் பாருங்கள். ரூவானிலிருந்து சென் மாலோவுக்கு ஓடிய நாளில், முதலிடத்திலிருந்த மரினெல்லியோடு முன்னணியிற் சென்றபோது கொப்பி விழுந்தார், வண்டி உடைந்தது. அணியின் மோட்டார் வாகனத்திலிருந்து மாற்று வண்டியொன்றைக் கொடுத்தனர். அது அவருடைய அளவு அன்று. அவர் ஏற மறுத்தார். வீதியோரத்திலே நின்றுகொண்டு, தம்முடைய சொந்த மாற்று வண்டி பின்னாலிருந்து வரும்வரை காத்திருந்தார். வந்தபின்னும் மனம் ஒடிந்து, போட்டியை விட்டு வீட்டுக்குப் போவதாக இருந்தார். பெரிய வீரனுடைய செருக்கு என்று சிலர் எழுதினர். எனக்கோ, ஜெனோவாவில் வாய்திறவாது நின்ற சிறுவன் பதினைந்து ஆண்டு கழித்து வாய்திறந்ததாகவே தோன்றுகிறது. அன்று மாலை அவர் முதலிடத்துக்கு அரை மணித்தியாலத்துக்கு மேற் பின்னே நின்றார். அணியின் முகாமையாளர் அல்பிரெதோ பிந்தாவும் தோழரும் அவரைத் தேற்றிப் போகவிடாது தடுத்தனர். அதன்பின் நாளுக்கு நாள் முன்னேறி, அல்ப்ஸ் மலைகளில் பார்த்தாலியோடு சேர்ந்து எல்லாரையும் கடந்தார். பிரியான்சோனில், பார்த்தாலியின் முப்பத்தைந்தாவது பிறந்தநாளன்று, முதலில் சேரும் பெருமையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். பாரிசில் பார்த்தாலியை விடப் பத்து நிமிடம் 55 வினாடி முன்னராக வெற்றி பெற்றார். இத்தாலியச் சுற்றையும் பிரெஞ்சுச் சுற்றையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் வீரர் அவரே.

வண்டியின் பொறியமைப்பும் அவ்வாண்டுகளில் மாறிக்கொண்டிருந்தது. முன்னாளில் மலையேறும்போது இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் போடவேண்டும். பின்னர் கம்பனோலோ செய்த கியரில், ஓடியபடியே பின்னால் கையை நீட்டி ஒரு கம்பியாற் சில்லைத் தளர்த்தி, இன்னொன்றாற் சங்கிலியைத் தள்ளி, மிதியைப் பின்புறமாகச் சுற்றவேண்டும். கைதவறினாற் சில்லே கழன்றுவிடும். இரு கம்பிக்குப் பதில் ஒரே கம்பியுடைய புதிய கியரோடு கொப்பி 1950இல் பாரிஸ்–ரூபே ஓட்டத்தின் கருங்கல் வீதிகளில் வென்றார். அந்தக் கியருக்கே பாரிஸ்–ரூபே என்ற பெயர் வந்தது.

உடம்பு அவருக்கு ஒத்துழைத்ததைவிட முறிந்ததே அதிகம். 1950 இத்தாலியச் சுற்றில் இடுப்பெலும்பு முறிந்தது, 1951இல் காறையெலும்பு. அதே 1951 யூன் 29இல் தம்பி சேர்சே, தூரின் நகரில் ஓட்டத்தின் முடிவிடத்தை நெருங்கும்போது, டிராம் தண்டவாளத்திற் சில்லு அகப்பட்டு விழுந்தார். எழுந்து வண்டியில் ஏறி விடுதிக்கும் போனார். மாலையில் தலைக்குள் இரத்தம் கசிந்து, தமையனின் அருகே உயிர் நீத்தார். சேர்சே பெரிய வீரர் அல்லர். 1949இல் பாரிஸ்–ரூபே வெற்றியை ஒரு பிரெஞ்சுக்காரரோடு பகிர்ந்ததே அவருடைய பெரும் பேறு. ஆனால் வாடிய முகமுடைய தமையனைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. சில நாட்களின் பின் தொடங்கிய பிரெஞ்சுச் சுற்றில் கொப்பி ஓடினார். மொம்பெலியே போகும் வழியில் அவர் தளர்ந்து, வாந்தியெடுத்து, வீதியில் நின்றுவிடும் நிலையை அடைந்தார். தோழர்கள் விட்டுப்போகவில்லை. சூழ்ந்து நின்று, அன்றைய காலவரம்புக்குள் முடிவிடத்திற் கொண்டுவந்து சேர்த்தனர்.

அடுத்த ஆண்டு அவர் பிரான்சில் நிகழ்த்தியதை வெற்றி என்று மட்டும் சொன்னாற் போதாது. ஆனால் அந்தப் போட்டியில் நான் விரும்பி நினைப்பவர் வேறொருவர். சந்திரினோ கரேயா என்ற உதவி ஓட்டக்காரர், லொசானுக்கு ஓடிய நாளில், எதிரணியாரைக் கண்காணிக்கும் கடமையால் முன்னே சென்ற கூட்டத்தோடு போனார். விடுதிக்குத் திரும்பியபின், முதலிடத்தார்க்குரிய மஞ்சள் மேற்சட்டை தமக்கே உரியது என்று அறிந்தார். அவர் அழுதார். தலைவருக்குரியதைத் தாம் திருடிவிட்டதாக எண்ணிக் கொப்பியிடம் மன்னிப்புக் கேட்டார். கொப்பி சிரித்து வாழ்த்தினார். மறுநாள், யூலை 4இல், அல்ப் துவேஸ் மலையுச்சியில் அப்போட்டி முதன்முதலாக முடிவுற்றபோது, கொப்பி தனியே ஏறி வென்று அந்தச் சட்டையைப் பெற்றுக்கொண்டார். கரேயாவின் முகத்தில் அப்போது கண்ட நிம்மதியை உடனிருந்தோர் மறக்கவில்லை. பாரிசில் இரண்டாமவருக்கும் கொப்பிக்கும் இடையே 28 நிமிடம் 17 வினாடி. போட்டியில் ஆர்வம் அற்றுப்போகுமென அஞ்சிய நடத்துநர், இடையிலேயே இரண்டாம் பரிசை இருமடங்காக்க வேண்டியிருந்தது.

அந்தப் போட்டியிலே எடுத்த நிழற்படம் ஒன்று புகழ்பெற்றது. மலையேற்றத்தில் கொப்பியும் பார்த்தாலியும் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கைமாற்றுகின்றனர். யார் யாருக்குக் கொடுத்தார் என்று இத்தாலியர் பல்லாண்டு வாதிட்டனர். எவர் கொடுத்தாலென்ன, மற்றவர் வாங்கிக் குடித்தார் என்பதே எனக்குப் போதும்.

1953இல் ஸ்தெல்வியோ கணவாயிற் கோப்லெட்டை விட்டு முன்னேறி ஐந்தாவது இத்தாலியச் சுற்றையும், லுகானோவில் உலக வெற்றியையும் பெற்றார். அதன்பின் இறக்கம். மணமானவரான கொப்பி, மணமான வேறொரு பெண்மணியோடு வாழத் தொடங்கினார். அன்றைய இத்தாலியச் சட்டத்தில் அது குற்றம். வழக்கு, தீர்ப்பு, ஊர்ப்பேச்சு, பத்திரிகைகளின் பசி எல்லாம் தொடர்ந்தன. இவற்றை விரித்து எழுதப் பலர் இருக்கின்றனர். நான் இரு குடும்பத்தாருடைய துன்பத்தையும் எண்ணி இவ்வளவோடு நிறுத்துகிறேன். நாற்பதை நெருங்கியும் அவர் ஓட்டத்தை விடவில்லை. முன்னாளில் அவரைக் கண்டோர் அந்நாட்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டனராம்.

1959 டிசம்பரில், பின்னாளிற் புர்கினா பாசோ எனப் பெயர்மாறிய மேல்வோல்ட்டா நாட்டுக்குப் பிரெஞ்சு ஓட்டக்காரர் சிலரோடு போனார். அங்கங்கே ஒரு காட்சியோட்டமும் வேட்டையும். நண்பர் ரபாயேல் ஜெமினியானியும் அவரும் ஓர் அறையில் உறங்கினர். நுளம்புகள் இரவு முழுவதும் கடித்தன. ஊர் திரும்பிச் சில நாட்களில் இருவரும், இருவேறு நாடுகளில், ஒரே வேளையிற் காய்ச்சலில் விழுந்தனர். பிரான்சில் ஜெமினியானியின் இரத்தத்தைப் பாஸ்டர் நிலையத்தில் சோதித்து மலேரியா என்று கண்டனர். கொயினா மருந்து கொடுத்தனர். நினைவிழந்து கிடந்தவர் பிழைத்தார். அவருடைய வீட்டார் இத்தாலிக்குச் செய்தி அனுப்பினர். அங்கே வைத்தியர்கள் தங்கள் நோயாளிக்கு வந்தது மாரிகாலத்துச் சளிக்காய்ச்சலே என்று கொண்டிருந்தனர். அந்தச் சொல் ஏற்கப்படவில்லை.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன். 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேரை மலேரியாவுக்குப் பறிகொடுத்த நாடு எங்களுடையது. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், வன்னியில் எழுத்தறியாத ஒரு மூதாட்டிகூட முதலில் என்ன நினைப்பார், எந்தக் கசப்பைத் தேடுவார் என்பது எனக்குத் தெரியும். அந்த நோயற்ற நாடென எமக்குச் சான்று கிடைத்தது 2016இல்தான். தொர்த்தோனா நகரத்தில், பனிமூடிய மாரியில், அந்தக் கசப்பை நினைக்க எவருக்கும் தோன்றவில்லை. 1960 சனவரி 2ஆந் திகதி காலை 8.45 மணிக்குக் கொப்பி காலமானார். வயது நாற்பது. நஞ்சூட்டப்பட்டார் என்று 2002இல் ஒரு கதை கிளம்பியது, விசாரித்துக் கைவிட்டனர்.

கஸ்தெல்லானியாவின் குன்றுப் பாதையில் பல்லாயிரவர் நடந்து ஏறினர். கவன்னாவின் விரல்கள் இன்னும் இரண்டாண்டு மட்டும் இயங்கின. 1961இல் அவரும் மறைந்தார். 1965 முதல் இத்தாலியச் சுற்றின் மிக உயர்ந்த மலைமுடி ஆண்டுதோறும் கொப்பியின் பெயரால் வழங்கப்படுகிறது. நூறு பேர்கூட இல்லாத அந்தச் சிற்றூர், அவருடைய நூற்றாண்டை ஒட்டி 2019இல் தன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது. அங்கே சேர்சேயும் அவரும் அருகருகே கிடக்கின்றனர். ஒரே அறையில் அதே நுளம்புகளிடம் கடிபட்டு, கொயினாவாற் பிழைத்த ஜெமினியானி 2024 யூலையில், தொண்ணூற்றொன்பது வயதிற் காலமானார்.